கொதிநீரிலும் கெடாத நொதிகள்

தாடிக்கொம்பு பக்கம் தோட்டங்களில் குவித்து வைத்த எருவைக் கிளறினால் ஆவி பறப்பதைப் பார்த்திருப்போம். அது வெயிலின் சூடு அல்ல. உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் எருவை மக்கச் செய்யும்போது உண்டாகும் சூடு. குவியலின் நடுவில் 60 டிகிரி வரைகூட ஏறும். பல கிருமிகள் செத்துப்போகும் அந்தச் சூட்டில்தான் சில பாக்டீரியாக்கள் செழிக்கின்றன.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃபிரீஸும் 1966-ல் இப்படி ஒன்றைக் கண்டெடுத்தார்கள். 70 டிகிரிதான் அதற்குப் பிடித்த சூடு.

இதில் என்ன விசேஷம்? உயிர்களின் உடலில் வேலைகளை நடத்துபவை என்சைம் எனப்படும் நொதிகள். அவை புரதங்கள். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மீண்டும் நீராகாது. சாதாரண நொதியும் சூடுபட்டால் அப்படித்தான் கெட்டுவிடும். இந்தப் பாக்டீரியாவின் நொதி தாங்கும். கொரோனா காலத்தில் வளைகுடாவுக்குத் திரும்பியவர்கள் பிசிஆர் சான்றிதழுக்காக அலைந்தது நினைவிருக்கும். அந்தச் சோதனையில் மாதிரியை 95 டிகிரி அளவுக்குச் சூடாக்கி ஆற்றுவதை முப்பது, நாற்பது தடவை செய்ய வேண்டும். தொடக்க காலத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக நொதி சேர்த்தார்கள். யெல்லோஸ்டோன் நொதி வந்தபின் ஒருமுறை சேர்த்தாலே போதும் என்றானது.

நமக்கு இன்னும் நெருக்கமானது துணி. சின்னாளபட்டியில் தறி பார்த்தவர்களுக்குத் தெரியும், பாவு நூலுக்குக் கஞ்சி போடாவிட்டால் இழை அறுந்துவிடும். ஆனால் சாயம் சீராகப் பிடிக்க அந்தக் கஞ்சியை எடுத்தாக வேண்டும். இதற்கு அமிலம் பயன்படுத்தினால், அளவு கூடும்போது பருத்தி நைந்துபோகும். அமைலேஸ் என்ற நொதி மாவுப்பொருளை மட்டும் கரைத்து நூலை விட்டுவிடும். கொதிநிலைக்கு அருகிலும் வேலை செய்யும் அமைலேஸை பாக்டீரியாக்களிலிருந்தே தயாரிக்கிறார்கள்.

திண்டுக்கல் தோல் தொழிலிலும் நொதிக்கு இடமுண்டு. தோலின் முடியை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போடுவது பழைய வழக்கம். அதற்கு மாற்றாக நொதி முறைகளைச் சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியுள்ளது. இந்த வேலைக்குச் சூடு தாங்கும் நொதி தேவையில்லை; அளவுதான் முக்கியம், தவறினால் தோலையே அரித்துவிடும். இம்முறையால் கழிவுநீரில் சல்ஃபைடு குறையும். ஆனால் பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பை எந்த நொதியும் நீக்காது. ஆலைக் கழிவால் கிணறு கரித்துப்போன ஊர்க்காரர்களுக்கு அந்த உப்புதான் முதல் கவலை.