வாய் திறக்காத வயரை நம்பாதீர்கள்

டீ ஆறுவதற்குள் ஒரு கேள்வி. சர்வர் அறைச் சுவரில் தண்ணீர்க் கசிவைக் காட்டும் பேனல் இருக்கிறது. ஆறு மாதமாக ஒரு சத்தமும் இல்லை. கசிவே இல்லையா, அல்லது வயர் எங்காவது அறுந்து கிடக்கிறதா? இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்ததுதான் நல்ல வயரிங். இரவுக் காவல்காரர் அவ்வப்போது விசிலடிப்பது திருடனுக்காக மட்டுமா? தான் விழித்திருக்கிறேன் என்று நமக்குச் சொல்லவும்தானே. கேபிளுக்கும் அப்படியொரு விசில் வேண்டும்.

ஏசியின் ட்ரெயின் பைப் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஃபால்ஸ் ஃப்ளோருக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் பரவும். பவர் கேபிள்களும் அங்கேதான் ஓடுகின்றன. அதனால்தான் சென்சிங் கேபிளை அந்தத் தரையோடு தரையாகப் பதிக்கிறோம். அதில் நான்கு வயர் உள்ள வகையை எடுத்துக்கொள்வோம். இரண்டு வயர் தண்ணீரை உணரும். மற்ற இரண்டும் திரும்பி வரும் வழி. கடைசி முனையில் மாட்டும் டெர்மினேட்டர் இவற்றை ஜோடி ஜோடியாக இணைத்து இரண்டு வளையமாக்குகிறது. பேனல் எப்போதும் சிறிய மின்னோட்டத்தை விட்டு வளையங்களைச் சோதித்தபடி இருக்கும். வளையம் அறுந்தால் ‘கேபிள் ஃபால்ட்’. தண்ணீர் பட்டு இரண்டு வளையங்களுக்கும் நடுவே மின்சாரம் பாய்ந்தால் ‘லீக்’.

இடத்தையும் சொல்லிவிடும். உணரும் வயருக்கு மீட்டருக்கு 10 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கசிவு வரைக்குமான வயரின் மின்தடை 230 ஓம் என்றால், தரைப் பலகையைத் தூக்க வேண்டிய இடம் 23-ஆவது மீட்டர்.

இரண்டு வயர் மட்டும் உள்ள எளிய சென்சார்களில் டெர்மினேட்டரின் வேலையை ஒரு ரெசிஸ்டர் செய்கிறது. தப்பு நடப்பதும் இங்கேதான். ரெசிஸ்டரைக் கேபிளின் கடைசி முனையில் மாட்ட வேண்டும். வேலையை முடிக்கும் அவசரத்தில் அதைப் பேனலுக்குள்ளேயே திருகிவிடுகிறார்கள். பச்சை விளக்கு எரியும். கேபிளைப் பாதியில் எலி கடித்தாலும் அதே பச்சைதான் எரியும்.

அடுத்து, பேனலின் அலாரத்தை வெளியே அனுப்பும் ரிலே. ‘என்.ஓ.’ (நார்மலி ஓப்பன்), ‘என்.சி.’ (நார்மலி க்ளோஸ்டு) என்று அதன் மேல் அச்சிட்டிருப்பது காயிலில் கரண்ட் இல்லாத நிலையைக் குறிக்கும். நல்ல நிலையில் காயிலுக்குக் கரண்ட் இருக்கும்படி அமைத்தால், கசிவு வந்தாலும் பேனலுக்கு மின்சாரம் போனாலும் ரிலே விழுந்துவிடும். இப்படி இருந்தால், கட்டட மேலாண்மை அமைப்பான பி.எம்.எஸ்.ஸுக்குப் போகும் வயரைக் காமனிலும் என்.ஓ.விலும் இணையுங்கள்; திறந்தால் அலாரம் என்று அந்தப் பக்கமும் செட் செய்யச் சொல்லுங்கள். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் எழுத்தை மட்டும் நம்பி இணைத்தால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

சிக்னல் வயரைப் பவர் கேபிளோடு ஒரே ட்ரேயில் ஓட்டாதீர்கள். குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். ஷீல்டு இருந்தால் பொதுவாகப் பேனல் பக்கம் மட்டும் எர்த். இரண்டு பக்கமும் எர்த் செய்தால் ஷீல்டிலேயே கரண்ட் ஓடி இரைச்சல் கிளம்பும். ஜெனரேட்டரின் டீசல் தொட்டிக்குத் தண்ணீர்க் கேபிள் உதவாது. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. அதற்கென்று தனிக் கேபிள் இருக்கிறது.

வேலை முடிந்தது என்று காண்ட்ராக்டர் வந்தால் மூன்று சோதனை கேளுங்கள். ஈரத்துணியைக் கேபிள் மேல் போடச் சொல்லுங்கள். யுபிஎஸ் பேட்டரிக்கு வைத்திருக்கும் டிஸ்டில்டு வாட்டர் வேண்டாம். உப்பில்லாத அந்தத் தண்ணீரைக் கேபிள் கண்டுகொள்ளாமல் போகலாம். குழாய்த் தண்ணீர் போதும். பேனல் காட்டும் மீட்டரும் வரைபடமும் பொருந்துகின்றனவா பாருங்கள். அடுத்து, கடைசி டெர்மினேட்டரைக் கழற்றச் சொல்லுங்கள். மூன்றாவதாக, பேனலின் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மூன்று முறையும் கண்ட்ரோல் ரூமில் அலாரம் கேட்டால் மட்டும் பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.