47-ஆம் டோக்கன் யாருடையது?

குத்துக்கல்வலசையிலிருந்து பைக்கில் தென்காசிக்கு வந்து, ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு பஸ் ஏறுகிறவர் கையில் ஒரு டோக்கன் இருக்கும். காலையில் 47-ஆம் டோக்கன் ஒரு ஸ்ப்ளெண்டருக்கு. மதியம் அவர் வண்டியை எடுத்துவிட்டால், சாயங்காலம் அதே 47 ஒரு ஸ்கூட்டிக்கு. ‘இன்னைக்கு 47-ல நின்ன வண்டி எது?’ என்று கேட்டால் ஸ்டாண்டுக்காரர், ‘எத்தனை மணிக்கு?’ என்பார்.

பக்கத்து மத்தளம்பாறையில் 2011-இல் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் வந்த பிறகு, மென்பொருள் இந்தப் பக்கத்துத் தொழிலாகவும் ஆகிவிட்டது. அதில் இறங்கும் பிள்ளைகள் ஸ்டாண்டுக்காரரின் அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே நேரத்தில் பல வேலை பார்க்கும் நிரல், தனக்குள் பல திரெட்களை, அதாவது இழைகளை, ஓடவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் உண்டு. இரண்டு அடையாளங்களை ஒப்பிட வேண்டிய தேவை, ஒரு தகவலை ஒரு நேரத்தில் ஓர் இழை மட்டும் தொடும்படி போடும் பூட்டில் வரும். ‘இதை ஏற்கெனவே பூட்டியது நானேதானா?’ என்று பார்க்காத இழை, தான் போட்ட பூட்டு திறக்கட்டும் என்று தானே காத்துக் கிடக்கும். நிரல் அப்படியே உறைந்துவிடும்.

சி மொழியில் இரண்டு அடையாளங்களைச் சமக்குறி போட்டு ஒப்பிடத் தோன்றும். லினக்ஸில் அது ஓடும், ஏனென்றால் அங்கே அடையாளம் ஒரு முழு எண். மேக்கில் அது ஒரு நினைவக முகவரி. வேறு சில இடங்களில் பல உறுப்புகள் சேர்ந்த கட்டமைப்பு; அங்கே சமக்குறி கம்பைலரையே தாண்டாது. அதனால்தான் 1995-இல் வந்த போசிக்ஸ் திரெட் தரம், ஒப்பிடுவதற்கென்றே ‘பீதிரெட்_ஈக்வல்’ என்ற செயற்கூற்றைத் தந்தது. எது பெரியது, எது சிறியது என்று அது சொல்லாது. ஒன்றா இல்லையா என்பது மட்டும்தான். முடிந்துபோன இழையின் அடையாளத்தை அதனிடம் கொடுத்தால் வரும் விடைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அடையாளமும் டோக்கனைப் போலத் திரும்ப வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 64-பிட் லினக்ஸில் ஓர் இழையைத் தொடங்கி அடையாளத்தை அச்சிடுங்கள்: பெரும்பாலும் ஒரு 15 இலக்க எண் வரும். அது முடியும்வரை காத்திருந்து, அடுத்ததைத் தொடங்குங்கள். பெரும்பாலும் அதே எண்! முதல் இழை விட்டுப்போன ஸ்டாக் நினைவகத்தைத் திரெட் நூலகம் உடனே தூக்கி எறிவதில்லை. அடுத்து வருகிற இழைக்குக் கொடுக்கிறது. இந்த எண்ணோ அந்த நினைவகத்துக்குள் இருக்கும் ஒரு முகவரிதான்.

லாக் கோப்பில் அந்த எண்ணை மட்டும் எழுதி வைத்தால், காலையில் ஓடிய இழையின் பிழை சாயங்காலத்து இழையின் தலையில் விழும். எனவே ஒரு 64-பிட் எண்ணியை வைத்து, பிறக்கும் ஒவ்வோர் இழைக்கும் 1, 2, 3 என்று வரிசை எண் கொடுங்கள். இரண்டு இழைகள் ஒரே நொடியில் கைநீட்டினாலும் ஒரே எண் போகாதபடி, எண்ணி அட்டாமிக்காக இருக்கட்டும். ஸ்டாண்டு ரசீதுப் புத்தகத்தின் ஓரத்தில் அச்சடித்த தொடர் எண்ணைப் போல, ஒருமுறை கிழித்துக் கொடுத்தது திரும்ப வராது.