கொட்டகைச் சுவரை இடித்து வெளியே வந்த வண்டி!

அமெரிக்காவில் டெட்ராய்ட் என்று ஒரு நகரம். 1896-ம் ஆண்டு ஜூன் மாதம் 4-ந் தேதி. இன்னும் பொழுது விடியவில்லை.

பாக்லி தெருவில், 58-ம் எண் வீட்டின் கொல்லைப்புறத்தில் இருந்து "டமார், டமார்" என்று சத்தம் கேட்டது. அங்கே ஒருவர் கோடாரியால் செங்கல் சுவரை இடித்துக்கொண்டு இருந்தார்.

அவர் திருடன் அல்ல. அந்த வீட்டில் குடியிருப்பவர்தான். ஆனால் சுவர் அவருடையது அல்ல. அது வாடகை வீடு!

அவர் பெயர் ஹென்றி போர்டு. சென்னையை அடுத்த மறைமலைநகரில் 2022-ம் ஆண்டு வரை கார்கள் செய்த கம்பெனிக்கு இருக்கிறதே, அந்தப் பெயர்தான். அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர் இவர். ஆனால் கோடாரியைத் தூக்கிய அன்று அவரிடம் கம்பெனியும் இல்லை, காசும் இல்லை. கொல்லையில் ஒரு கொட்டகை இருந்தது. அதிலும் பாதிதான் அவருக்குச் சொந்த உபயோகம்.

சமையல் அறையில் என்ஜின்

போர்டு விவசாயி மகன். நிலத்தில் பாடுபடுவதைவிட, கடிகாரத்தைப் பிரித்துப் பூட்டுவதில்தான் அவருக்கு ஆசை. டெட்ராய்டுக்கு வந்து, எடிசன் பெயரால் நடந்த மின்சாரக் கம்பெனியில் என்ஜினீயராகச் சேர்ந்தார். 1893-ம் ஆண்டின் கடைசியில் பாக்லி தெரு வீட்டுக்குக் குடிவந்தார். மனைவி கிளாரா. ஒரே மகன் எட்ஸெல். அப்போது அது கைக்குழந்தை. பிறந்து ஏழு வாரம்கூட முடியவில்லை.

டிசம்பர் 24-ந் தேதி. விடிந்தால் கிறிஸ்துமஸ். சமையல் அறையில் கிளாராவுக்குத் தலைக்குமேல் வேலை. அந்த நேரம் பார்த்து கணவர் ஒரு இரும்புச் சாமானைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பழைய குழாய்த் துண்டையும், கடைசல் இயந்திரத்தின் பழைய சக்கரத்தையும் வைத்து அவரே செய்த சின்ன என்ஜின் அது. பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரத்தில் அதைப் பொருத்தினார். வீட்டு விளக்குக்கு வரும் மின்சாரத்தில் இருந்து ஒரு கம்பியை இழுத்துப் பொறி உண்டாக்கினார்.

"பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விடு" என்று மனைவியைக் கேட்டுக்கொண்டார். கிளாரா விட்டார். போர்டு சக்கரத்தைச் சுழற்றினார். என்ஜின் ஓடியது! தொட்டி ஆட்டம் கண்டது. நெருப்பும் புகையும் கிளம்பின.

கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதை யாரும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது. தரையோடு தரையாகப் படர்ந்து, நாலு அடி தள்ளி இருக்கும் அடுப்பைத் தேடிப்போய்ப் பற்றிக்கொள்ளும். என்ஜின் புகையில் இருக்கும் நச்சு வாயுவுக்கோ நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய அறையில் ஆளையே கொன்றுவிடும். பச்சைக் குழந்தை இருந்த அந்த வீட்டில் அன்று ஒன்றும் நடக்காமல் போனது பெரிய அதிர்ஷ்டம்.

எப்படியோ, என்ஜின் ஓடும் என்பது தெரிந்துவிட்டது. இனி வண்டி செய்ய வேண்டும். அதற்குச் சமையல் அறை போதாது.

நிலக்கரிக் கொட்டகை

டெட்ராய்ட் கடுங்குளிர் ஊர். அந்தக் காலத்தில் குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் கணப்பு எரிய வேண்டும். அதற்கு நிலக்கரியும் விறகும் வேண்டும். அவற்றைப் போட்டு வைக்க வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை கட்டியிருப்பார்கள். போர்டு இருந்தது இரண்டு குடித்தனம் உள்ள வீடு. கொல்லையில் செங்கல்லால் கட்டிய ஒரே கொட்டகை. பாதியில் போர்டு வீட்டு நிலக்கரி. மறுபாதியில் பக்கத்துக் குடித்தனக்காரரின் நிலக்கரி.

போர்டு தன் பாதியைக் காலி செய்து வேலையைத் தொடங்கினார். இடம் போதவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வயதானவர். தட்டுமுட்டுச் சாமான்களோடு இந்த இளைஞர் படும் பாட்டைப் பார்த்தார். தன்னுடைய நிலக்கரியையும் விறகையும் அப்புறப்படுத்திவிட்டு, "என் பாதியையும் நீயே வைத்துக்கொள்" என்று கொடுத்துவிட்டார்! இந்தக் காலத்தில் பொதுச்சுவரில் ஒரு ஆணி அடித்தாலே பஞ்சாயத்து வருகிறது. அந்தப் பெரியவர் மனசு யாருக்கு வரும்?

நிலக்கரிக் கிடங்கு இப்படித்தான் பட்டறை ஆயிற்று. பகலில் மின்சாரக் கம்பெனி வேலை. இரவில் கொட்டகை வேலை. கம்பெனி நண்பர்கள் சிலரும் வந்து கை கொடுத்தார்கள்.

அங்கே சேர்ந்த சாமான்களைப் பாருங்கள். நீராவி என்ஜினில் இருந்து கழற்றிய புகைக்குழாய். அதை அறுத்துக் கடைந்து இரண்டு சிலிண்டர் செய்தார்கள். சக்கரம் நாலும் சைக்கிள் சக்கரம் போன்றவை. ஒவ்வொன்றும் 28 அங்குலம். என்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டு போக ஒரு தோல் பட்டையும் ஒரு சங்கிலியும். திருப்புவதற்குப் படகில் இருக்கும் சுக்கான் மாதிரி ஒரு கைப்பிடி. எதிரே வருகிறவர்களை எச்சரிக்க, வீட்டு வாசலில் வைக்கும் அழைப்பு மணி!

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். மோட்டார் வண்டியைக் கண்டுபிடித்தவர் போர்டு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-ம் ஆண்டிலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். டெட்ராய்ட் வீதியில் முதலில் வண்டி ஓட்டியவரும் போர்டு அல்ல. 1896 மார்ச் மாதத்தில் சார்லஸ் கிங் என்பவர் ஓட்டிக் காட்டினார். போர்டு அந்த வண்டிக்குப் பின்னால் சைக்கிளில் போய் வேடிக்கை பார்த்தார். கிங் பொறாமைப்படவில்லை. போர்டுக்கு உதவியும் செய்தார்.

மனைவியின் கவலை

இதற்கெல்லாம் பணம்? சம்பளத்தில் இருந்துதான் போயிற்று. மாதா மாதம் வீட்டுச் செலவைக் குறைத்துக்கொண்டு, கொல்லையில் இரும்பு வாங்கிப் போடும் கணவரோடு குடித்தனம் நடத்துவது லேசான காரியம் அல்ல. வண்டி ஓடாமல் போனால் போட்ட பணம் அத்தனையும் காயலான் கடைக்கு. கிளாராவுக்குக் கவலை இருந்தது. ஆனால் தடுக்கவில்லை. "என்மேல் நம்பிக்கை வைத்தவள்" என்று போர்டு பிற்காலத்தில் மனைவியைப் பெருமையாகக் கூறுவார். புத்தகங்களில் கோடாரிக்குக் கிடைத்த இடம் கிளாராவுக்குக் கிடைக்கவில்லை. அது நியாயம் அல்ல.

வாசல் போதவில்லை!

இரண்டு வருடத்துக்கு மேல் இப்படி ஓடியது. 1896 ஜூன் 4-ந் தேதி அதிகாலையில் வண்டி தயார். எடை சுமார் 500 பவுண்டு. அதாவது 225 கிலோ. போர்டும், நண்பர் ஜேம்ஸ் பிஷப்பும் வண்டியை வாசலை நோக்கித் தள்ளினார்கள்.

வண்டி வெளியே வரவில்லை. வண்டி அகலம். வாசல் குறுகல்!

என்ஜினீயர் எப்படி இதைக் கவனிக்காமல் போனார் என்று தோன்றும். காரணம் எளிது. அந்த வாசலை வைத்தவர்கள், நிலக்கரிக் கூடையோடு ஒரு ஆள் போய் வந்தால் போதும் என்று வைத்தார்கள். போர்டு கொண்டுவந்த சாமான்களோ ஒவ்வொன்றாக அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போயின. சக்கரம் போயிற்று. சட்டம் போயிற்று. என்ஜின் போயிற்று. எல்லாவற்றையும் பூட்டிய பிறகுதானே அது வண்டி? அறைக்குள் உட்கார்ந்து கட்டில் செய்த தச்சர் கதைதான்.

நம் ஊரில் கொல்லையில் வண்டிக்குக் கொட்டகை போடுகிறவர்களும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சக்கரத்துக்குச் சக்கரம் அளந்து வாசல் வைக்கிறார்கள். காருக்குக் கண்ணாடி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். உள்ளே நிறுத்திய பிறகு கதவைத் திறந்து ஆள் இறங்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்குக் கைப்பிடி அகலம். பிறகு, பழைய டயர், ஆயில் டப்பா, ஸ்பானர் பெட்டி என்று மூலைக்கு மூலை சேரும். அதற்கும் சேர்த்து இடம் விட்டுத்தான் நூல் பிடிக்க வேண்டும்.

போர்டுக்கு யோசிக்கப் பொறுமை இல்லை. வண்டியைப் பிரித்து வெளியே எடுத்து, மறுபடி பூட்டலாம். அதற்கு நாளாகும். கோடாரியை எடுத்தார். வாசலை ஒட்டிய செங்கற்களைப் பெயர்த்துத் தள்ளினார். வழி கிடைத்தது.

பிஷப் சைக்கிளில் முன்னால் போனார். குதிரை வண்டி எதிரே வந்தால் நிறுத்தச் சொல்ல வேண்டும் அல்லவா? பின்னால் போர்டு. வண்டியில் இரண்டு வேகம். ரிவர்ஸ் கிடையாது. தாண்டிவிட்டால் தாண்டியதுதான். இறங்கித் தள்ளித்தான் திருப்ப வேண்டும். வழியில் ஒரு இடத்தில் வண்டி நின்றது. பழுது பார்த்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். போர்டு கொஞ்ச நேரம் கண் அயர்ந்தார். பிறகு வழக்கம்போல் வேலைக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்காரர் வந்தார்

இனிதான் பயம். இடிந்த சுவரைப் பார்த்தால் வீட்டுக்காரர் என்ன சொல்வார்? "காலி பண்ணு" என்றால் மனைவி குழந்தையோடு எங்கே போவது?

வாடகை வாங்க வந்தவர் சுவரைப் பார்த்துச் சத்தம் போட்டார். போர்டு, சுவரை உடனே கட்டித் தருவதாகச் சொல்லி, உள்ளே இருந்த வண்டியைக் காட்டினார். வீட்டுக்காரரின் கோபம் இறங்கியது. "சுவரைக் கட்டிவிட்டால் வண்டி எப்படி வெளியே போகும்? அப்படியே விட்டுப் பெரிய கதவாகப் போட்டுக்கொள்" என்று அவரே யோசனை சொன்னார் என்பார்கள். அமெரிக்காவின் முதல் மோட்டார் கொட்டகைக் கதவுகளில் அதுவும் ஒன்று என்று டெட்ராய்ட்காரர்கள் பெருமை பேசுவது உண்டு.

அந்த வண்டியை போர்டு 200 டாலருக்கு விற்றார். அந்தப் பணம் அடுத்த வண்டிக்குப் போயிற்று. 1903-ல் போர்டு மோட்டார் கம்பெனி பிறந்தது. 1908-ல் வந்த "மாடல் டி" கார், 1927 வரை 1½ கோடிக்கு மேல் தயாரானது. விற்ற முதல் வண்டியைப் பிற்காலத்தில் அவரே திரும்ப வாங்கினார். அது டெட்ராய்டை அடுத்த டியர்பார்னில், அவர் பெயரில் உள்ள கண்காட்சிச் சாலையில் வைக்கப்பட்டது. பக்கத்திலேயே கொட்டகையைப் போல இன்னொரு கொட்டகையும் கட்டி வைத்தார்கள்.

பாக்லி தெருவில் கொட்டகை இருந்த இடத்தில் 1926-ல் "மிச்சிகன் தியேட்டர்" எழுந்தது. சுமார் 4 ஆயிரம் பேர் உட்காரக்கூடிய அரண்மனை போன்ற கொட்டகை. அரை நூற்றாண்டு கழித்து அதையும் மூடினார்கள். முழுவதும் இடித்தால் ஒட்டியிருந்த அலுவலகக் கட்டிடத்துக்கு ஆபத்து. அங்கே வேலை பார்ப்பவர்கள் காரை நிறுத்த இடம் கேட்டார்கள். ஆகவே நாற்காலிகளைப் பெயர்த்து எடுத்துவிட்டு, உள்ளே மூன்று அடுக்குத் தளம் போட்டார்கள். மேலே சித்திர வேலை செய்த தியேட்டர் கூரை. கீழே வரிசை வரிசையாகக் கார்கள்.