கொட்டாங்கச்சித் தணலில் ஒரு கொத்சு

விருத்தாசலம் என்றதும் உங்களுக்கு எது ஞாபகத்துக்கு வரும்? பக்தர்களுக்குப் பழமலைநாதர் கோயில். கொலு வைக்கிற வீட்டாருக்குப் பீங்கான் பொம்மை. திருச்சிப் பக்கம் போகும் ரயில் பிரயாணிகளுக்குப் பாதித் தூக்கத்தில் காதில் விழும் "காப்பி, காப்பி!" எனக்கோ என் அத்தையும், அவள் கொல்லை முற்றத்தில் சுடுகிற கத்தரிக்காயும்தான்.

ஆசிரியர் என்னை அங்கே அனுப்பியது கத்தரிக்காய்க்காக அல்ல. கார்த்திகை நெருங்குகிறது, பீங்கான் தொழிற்பேட்டையில் அகல் விளக்குகள் தயாராகின்றன, அதைப் பற்றி எழுதி வா என்றார். போனேன். அந்த வட்டாரத்து வெள்ளைக் களிமண்ணையும், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டும்போது கிடைக்கிற களிமண்ணையும் பார்த்தேன். பொம்மை, கோப்பை, மின்சாரப் பியூஸ் கட்டை எல்லாம் வரிசை வரிசையாகச் சூளைக்குக் காத்திருந்தன. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு சாயங்காலம் அத்தை வீட்டுக்கு வந்தேன். அங்கேதான் கட்டுரை தடம் மாறிவிட்டது.

முற்றத்தில் குமுட்டி அடுப்பு. அதில் புகையே இல்லாமல் சிவப்பாகக் கனன்றது தணல். மேலே நாலு கத்தரிக்காய்.

"என்ன கரி அத்தே இது? கடையிலே வாங்கினதா?"

"கடையிலேயா? நீ காலையிலே சட்னிக்குத் துருவினியே தேங்காய், அதோட அக்கா தங்கச்சிங்கதான் இதெல்லாம்" என்றாள் அத்தை.

நாமெல்லாம் குப்பைக்கூடையில் போடுகிற கொட்டாங்கச்சியை அத்தை போடுவதில்லை. நாரைச் சுரண்டி, வெயிலில் காயவைத்து, சாக்கில் சேர்த்து வைப்பாள். சாக்கு நிறைந்ததும் ஒரு பழைய தகர டின்னில் அடுக்கிக் கொளுத்துவாள். முதலில் கண்ணைக் கரிக்கும் கெட்டிப் புகை வரும். அது மெலிந்து நீலம் பாரித்ததும், மூடியைப் போட்டு, இடுக்கெல்லாம் ஈரமண் பூசிவிடுவாள். காற்றுப் போகாவிட்டால் ஓடு சாம்பலாகாது. அதிலுள்ள ஈரமும் தாரும் வாயுக்களும் வெளியேறிக் கரி மட்டும் மிஞ்சும். நன்றாக ஆறிய பிறகு மறுநாள்தான் திறப்பாள். இதை மாடி வீட்டுப் பால்கனியில் செய்து பார்க்க வேண்டாம். அக்கம்பக்கத்தார் உங்களைச் சும்மா விடமாட்டார்கள்.

கரி சரியாக வெந்திருக்கிறதா என்று பார்க்க அத்தை ஒரு துண்டைச் சிமெண்டுத் தரையில் போட்டுக் காட்டினாள். 'டிங்' என்று உலோகம் போலச் சத்தம் வந்தது. உடைத்தால் உட்புறம் கறுத்து மினுங்க வேண்டும். மந்தமாக 'பொத்' என்று விழுந்தால் அரை வேக்காடு. அடுப்பில் போட்டால் புகையும்.

தட்டார்கள் பொன்னை உருக்க இந்தக் கரியைத்தான் விரும்பினார்கள். இஸ்திரிப் பெட்டிக்காரர்களும் அப்படியே. காரணம், ஓடு கெட்டியானது. அதன் கரியும் கெட்டி. கிலோவுக்கு 7,000 கிலோகலோரி உஷ்ணம் தரும். விறகு அதில் பாதி அளவுதான் தரும். சாம்பலும் சொற்பம். முதல் உலக யுத்தத்தின்போது விஷவாயுவிலிருந்து சிப்பாய்களைக் காக்க முகமூடிகள் செய்தார்களே, அவற்றில் வைக்கத் தேங்காய் ஓட்டுக் கரிதான் உசத்தி என்று அமெரிக்கர்கள் கண்டார்கள். தேங்காய் போதாமல் போகவே, 1918-இல் பீச் பழக் கொட்டைகளைச் சேர்த்துக் கொடுங்கள் என்று வீட்டுப் பெண்களிடம் கேட்டு வாங்கினார்கள்! இன்று நம் வீட்டுத் தண்ணீர் வடிகட்டியில் இருக்கும் கரியும் பெரும்பாலும் இதே குலம்தான்.

கணக்குப் பார்க்கும் இல்லத்தரசிகளுக்கு ஒரு கணக்கு. பழைய குழி முறையில் ஆயிரம் முழுச் சிரட்டைக்குச் சுமார் 35 கிலோ கரி கிடைக்கும் என்பது தென்னைத் தொழிலில் வழங்கும் மதிப்பு. தினம் ஒரு தேங்காய் உடைக்கிற வீட்டில் வருஷத்துக்கு 12, 13 கிலோ தேறும். உஷ்ணக் கணக்கில் இது 14.2 கிலோ காஸ் சிலிண்டரில் பாதிக்குச் சற்று மேல். அதிலும் கணிசமான பங்கு குமுட்டியின் பக்கவாட்டில் வீணாகும். ஆகவே காஸ் அடுப்பைத் தூக்கிப் பரணில் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இது சுடுவதற்கான நெருப்பு. சோறு வடிப்பதற்கானது அல்ல.

சுடுவதில்தான் இதன் சாமர்த்தியம் தெரிகிறது. காஸ் எரியும்போது நீராவியும் உண்டாகும். தணலின் சூடோ வறண்டது. அப்பளம் ஒரே மாதிரி பொரிந்து மொறுமொறுவென்று நிற்கிறது. கத்தரிக்காயின் தோல் கருகி, உள்ளே சதை தன் சாற்றிலேயே வெந்து குழைகிறது. சிதம்பரத்துக்குப் பக்கத்து ஊராயிற்றே, அத்தை அதைப் பிசைந்து கொத்சு செய்தாள். இட்லி எத்தனை சாப்பிட்டேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

ஒரு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நன்றாக வெந்த கரிக்கு மணம் கிடையாது. நாம் 'கரி வாசனை' என்று சப்புக்கொட்டுவது, பதார்த்தத்திலிருந்து சொட்டும் எண்ணெயும் சாறும் தணலில் பட்டுப் பொசுங்கும் புகையைத்தான். வடக்கே பருப்புக்கும் கறிக்கும் 'துங்கார்' போடுவது இந்தச் சூட்சுமத்தால்தான். பாத்திரத்தின் நடுவே ஒரு சிறு கிண்ணம், அதில் ஒரு கனல், அதன்மேல் ஒரு சொட்டு நெய், உடனே மூடி. ஐந்து நிமிஷம் போதும். எண்ணெய் அதிகம் சொட்டி, புகை மண்டி, பதார்த்தம் கருகினால் அதில் உடம்புக்கு ஆகாத பொருள்கள் சேரும். கருகின பாகத்தை வெட்டி எறியத் தயங்காதீர்கள்.

நானும் மறுநாள் அத்தைக்குத் துங்கார் போட்டுக் காட்டக் கிளம்பினேன். பீங்கான் ஊர் அல்லவா? கௌரவமாக ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தைப் பருப்பின் நடுவே வைத்துக் கனலைப் போட்டேன். 'படக்!' கிண்ணம் இரண்டாகப் பிளந்து, கரியும் நெய்யும் பருப்பும் ஒன்றாயின. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ரசம் வைக்கப் போய்விட்டாள்.

தொழிற்பேட்டையில் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "பீங்கான் தீயிலே பொறந்ததுதாம்மா. ஆனா சூளையிலே சூடு கொஞ்சம் கொஞ்சமா ஏறும், கொஞ்சம் கொஞ்சமாத்தான் எறங்கும். நீங்க ஒரே நொடியிலே ஏத்திட்டீங்க!" உள்பக்கம் சட்டென்று விரிய, வெளிப்பக்கம் விரியாமல் நிற்க, நடுவில் கிண்ணம் பிளக்கிறது. மெருகு ஏற்றாத மண் அகல், அல்லது ஒரு சிறு எவர்சில்வர் கிண்ணம், இவைதான் இதற்குத் தகுந்தவை.

அதற்காகச் சுட்ட மண்ணுக்கும் கரிக்கும் பகை என்று நினைத்துவிடாதீர்கள். கென்யாவில் 1980-களில் தகர அடுப்புக்குள்ளே சுட்ட மண் உறை பதித்து 'ஜிக்கோ' என்று ஒன்று செய்தார்கள். சூடு பக்கவாட்டில் ஓடாததால் கரிச் செலவு நன்றாகக் குறைந்தது. லட்சக்கணக்கான வீடுகளில் பரவியது. களிமண்ணும் கைத்திறனும் ஒருங்கே இருக்கிற விருத்தாசலத்தில் இப்படிப்பட்ட ஒரு குமுட்டியை நான் பார்க்கவில்லை. யாராவது செய்தால் முதல் அடுப்பு எனக்கு.

இனி, இந்தக் கட்டுரையில் நீங்கள் மறக்கக் கூடாத பாகம். அத்தைக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது ஓர் ஐப்பசி அடைமழையில். குளிர் தாக்கக் கூடாது என்று பிரசவ அறையில் குமுட்டி நிறையத் தணல் வைத்து, சாம்பிராணியும் போட்டு, கதவு ஜன்னலை அடைத்துவிட்டார்கள்.

"தலை கனத்துது. மழையிலே தூக்கம் வருதுன்னு நெனச்சேன். அம்மா பாலோட வந்து கூப்பிட்டிருக்கா. எனக்குக் கேக்கவே இல்லை. கொழந்தையையும் என்னையும் திண்ணைக்கு இழுத்துண்டு போய்ப் போட்டப்புறம்தான் கண்ணு தெறந்தேன். அவளுக்கு அன்னிக்கு ஒரு நாழி தாமசமாயிருந்தா..." அத்தை வாக்கியத்தை முடிக்கவில்லை.

கரித் தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணில் நீரும் வராது. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். புகை இல்லையே என்று நாம் மெச்சுகிற நல்ல கரியில்தான் இந்த ஏமாற்று அதிகம். புகைந்தாலாவது எழுந்து வெளியே ஓடுவோம். 2024-இல் கொடைக்கானலில், இறைச்சி சுட்ட கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கிய இரண்டு இளைஞர்கள் எழுந்திருக்கவேயில்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். பிறகு டாக்டரிடம் போக வேண்டும். குழந்தைக்குத் தலைமுடி காயச் சாம்பிராணி காட்டுவதானாலும் கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும். காட்டி முடித்ததும் தணல் வெளியே போகட்டும். அத்தை வீட்டில் அந்த ஐப்பசிக்குப் பிறகு குமுட்டி முற்றத்தைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

கரியை வியாபாரமாகச் செய்கிற இடங்களிலும் சங்கடம் உண்டு. காங்கயம் பக்கம் குழிகளில் சுட்டுத் தண்ணீர் ஊற்றி அணைக்கும்போது கிணற்று நீர் கெடுகிறதென்று விவசாயிகள் முறையிட்டிருக்கிறார்கள். வீட்டு டின்னில் தண்ணீருக்கு வேலையில்லை, பொறுமைக்குத்தான் வேலை.

ஊருக்குத் திரும்பும் நாள். அத்தை ஒரு துணிப்பையில் கரியைக் கட்டி என் பெட்டி பக்கத்தில் வைத்தாள்.

"இது என்னிக்கு டின்னைத் திறந்து எடுத்தது அத்தே?"

"இப்பத்தான், காலையிலே. ஏன்?"

புதுக்கரி காற்றிலுள்ள பிராணவாயுவைப் பிடித்துத் தானாகவே சூடேறும். கட்டி வைத்தால் சில சமயம் பற்றிக்கொள்ளவும் செய்யும். கப்பல்காரர்களே இதற்குப் பயந்து விதிகள் வைத்திருக்கிறார்கள். ரயிலில் நெருப்புச் சாமான் ஏற்றக் கூடாது என்பது வேறு. மெல்ல எடுத்துச் சொன்னேன்.

"அப்ப இதை எடுத்துண்டு போ" என்று பையிலிருந்த கரியைக் கொல்லையில் பரப்பிவிட்டு, அதே பையில் ஒரு பீங்கான் கிண்ணத்தைப் போட்டுக் கொடுத்தாள் அத்தை. "பருப்புக்கு இல்லை. பாயசத்துக்கு."