உங்களுக்குத் தெரியுமா? 108 தையல், 108 வருடம்

ஐ.பி.எல். லீக் சுற்றில் ஒரு அணிக்கு 14 ஆட்டம். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு அணிக்கு 162 ஆட்டம்! மார்ச் கடைசியில் ஆரம்பித்தால் செப்டம்பர் முடிகிற வரை ஓயாது. வாரத்துக்கு ஆறு நாள், சில வாரம் ஏழு நாளும் ஆட்டம் உண்டு. 1960 வரை 154-ஆக இருந்ததை அடுத்த இரண்டு வருடங்களில் மேஜர் லீகுக்குள் இருக்கும் இரண்டு லீக்குகளும் 162-ஆக உயர்த்தின. ஆக, ஒரு அணியைப் பிடித்துக்கொண்டவருக்கு அது வருடத்துக்கு ஒரு முறை வந்துபோகும் திருவிழா கிடையாது. பால் வாங்குவது, பேப்பர் பார்ப்பது மாதிரி அன்றாடப் பாடு. இந்த வாரம் நாம் கூடவே நடக்கப்போவது சிகாகோ கப்ஸ் ரசிகரோடு. அவ்வளவு காலம் காத்திருந்த ரசிகர் கூட்டம் அமெரிக்காவில் வேறு இல்லை.

*

பேஸ்பாலில் நல்ல அணி என்றால் மூன்றில் ஒரு ஆட்டம் தோற்கும் அணி என்று பொருள். கப்ஸ் அணியின் பொன் வருடமான 2016-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 103 வெற்றி, 58 தோல்வி. மீதி ஒன்று? அது டை. செப்டம்பர் 29 அன்று பிட்ஸ்பர்க்கில் 1-1 என்று இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அந்த ஆட்டத்தால் பட்டியலில் எதுவும் மாறாது என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். இதே அணி நான்கே வருடம் முன்பு, 2012-ல், 101 ஆட்டம் தோற்றது. 1962-லும் 1966-லும் 103 தோல்வி! அந்த வருடங்களிலும் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்தவர்களைத்தான் நான் ரசிகர் என்பேன்.

*

பேஸ்பால் பந்தில் எத்தனை தையல்? 108 இரட்டைத் தையல். சிவப்பு மெழுகு நூல், 88 அங்குலம். இன்றைக்கும் கையால்தான் தைக்கிறார்கள், மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டா ரிகா நாட்டுத் தொழிற்சாலையில். முதல் தையலும் கடைசித் தையலும் வெளியே தெரியாமல் உள்ளே மறைந்திருக்கும். கப்ஸ் அணி 1908-ல் மேஜர் லீகின் இறுதிக் கோப்பையான உலகத் தொடரை வென்றது. அடுத்த கோப்பை 2016-ல். இடையில் 108 வருடம். சிகாகோ ரசிகர்கள் இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்துச் சிலிர்த்தார்கள். ஜபமாலையில் 108 மணி உருட்டியும் கோயிலில் 108 சுற்று சுற்றியும் பழகிய நமக்கு அந்தச் சிலிர்ப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை.

*

புதுப் பந்தை அப்படியே ஆட்டத்துக்குக் கொடுப்பதில்லை. வழவழப்புப் போக அதன் மேல் சேறு தடவுவார்கள். டெலவேர் ஆற்றின் கிளை ஒன்றிலிருந்து நியூ ஜெர்சியில் அள்ளும் சேறு. எல்லா மேஜர் லீக் பந்துக்கும் அதே சேறுதான். கேலரியில் தாவிப் பிடித்த பந்தை ரசிகர் வீட்டுக்குக் கொண்டுபோகும்போது துளி ஆற்று மண்ணும் சேர்ந்தே போகிறது.

*

கப்ஸ் அணியின் வீடு ரிக்லி ஃபீல்டு. 1914-ல் திறந்த மைதானம். 1916 முதல் கப்ஸ் அங்கே ஆடுகிறது. சூயிங்கம் ரிக்லி குடும்பத்தின் பெயர்தான் அது. மைதானத்தின் பின்சுவர் செங்கல். அதன் மேல் ஐவி கொடி. 1937-ல் அதை நட ஏற்பாடு செய்தவர், அப்போது 23 வயது இளைஞரான பில் வீக். ஏப்ரலில் போனால் வெறும் செங்கலும் காய்ந்த தண்டும்தான் கண்ணில் படும். ஜூனில் சுவரே தெரியாத பச்சை. அக்டோபரில் செம்மை ஏறும். அணி அக்டோபர் வரை தாக்குப்பிடித்தால்தான் அந்தச் சிவப்பை ஆட்டத்தோடு பார்க்கக் கொடுத்துவைக்கும்.

அடித்த பந்து கொடிக்குள் சிக்கிக்கொண்டால் ஃபீல்டர் தேடக் கூடாது. இரண்டு கையையும் மேலே தூக்கி நின்றால் போதும். பேட்டருக்கு இரண்டு பேஸ். ஆசைப்பட்டுக் கையை விட்டுத் துழாவினாரோ, ஆட்டம் தொடரும், ஓடுகிறவர் ஓடிக்கொண்டே இருப்பார்.

*

ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர்போர்டின் உச்சியில் ஒரு கொடி ஏறும். வெள்ளைத் துணியில் நீல நிற 'டபிள்யூ' என்றால் வெற்றி. நீலத் துணியில் வெள்ளை 'எல்' என்றால் தோல்வி. ரேடியோ கையில் இல்லாதவர்கள், வேலை முடிந்து ரயிலில் வீடு திரும்புகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்துத் தெரிந்துகொள்ள 1930-களின் கடைசியில் வந்த வழக்கம். தோற்றதையும் மறைக்காமல் ஊருக்கு மேலே ஏற்றிக் காட்டுகிற அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்தது.

*

அதே ஸ்கோர்போர்டில் இன்னொரு சங்கதி. அது 1937-ல் கட்டியது. இன்னும் கையால்தான் இயங்குகிறது. உள்ளே ஆள் இருந்து, எண் எழுதிய தகடுகளை ஒவ்வொன்றாக மாட்டுவார். மேலே கம்பத்தில், கப்ஸ் ஆடும் நேஷனல் லீக்கின் அணிக் கொடிகள் வரிசையாகத் தொங்கும். அந்த வரிசை அழகுக்காக வைத்தது இல்லை. பட்டியலில் எந்த அணி முதலிடமோ அதன் கொடி மேலே. கடைசி அணி கீழே. நிலவரம் மாறினால் கொடி வரிசையும் மாறும். பழகிய ரசிகர் உள்ளே நுழைந்ததும் முதலில் அண்ணாந்து பார்ப்பது அதைத்தான். காற்று எந்தப் பக்கம் என்பதையும் அந்தக் கொடிகளே சொல்லிவிடும்.

*

காற்று என்றதும் சொல்ல வேண்டியது 1979 மே 17. மிச்சிகன் ஏரி பக்கத்திலேயே இருப்பதால் ரிக்லியில் காற்றுதான் பாதி ஆட்டம் ஆடும். ஏரியிலிருந்து உள்ளே வீசினால் ஹோம் ரன் போகவேண்டிய பந்து ஃபீல்டர் கையில் விழும். வெளியே வீசினால் பிட்சர் பாடு திண்டாட்டம். அன்று வெளியே வீசியது. முதல் இன்னிங்ஸிலேயே பிலடெல்பியா 7, கப்ஸ் 6. இரண்டு அணிகளும் சேர்ந்து 11 ஹோம் ரன். கடைசியில் 10-வது இன்னிங்ஸில் 23-22 என்று கப்ஸ் தோற்றது! 22 ரன் எடுத்தும் தோல்வி.

*

1988 வரை ரிக்லியில் விளக்கே கிடையாது. எல்லா ஆட்டமும் பகலில்தான். 1935-ல் சின்சினாட்டியில் முதல் இரவு ஆட்டம் நடந்துவிட்டது. கப்ஸ் முதலாளியும் 1941-ல் விளக்குக் கம்பங்களுக்குச் சாமான் வாங்கிவைத்தார். பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்ததும் அத்தனையையும் போர்ப் பணிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். பிறகு 47 வருடம் போனது. 1988 ஆகஸ்ட் 8 அன்று 91 வயது ரசிகர் ஒருவர் சுவிட்சைப் போட, விளக்கு எரிந்தது. நாலாவது இன்னிங்ஸில் மழை வந்து ஆட்டத்தையே அழித்தது. கணக்கில் ஏறிய முதல் இரவு ஆட்டம் மறுநாள்தான்.

*

பக்கத்து வீட்டு மாடிகளிலிருந்து ஆட்டம் பார்ப்பது ரிக்லியின் பழைய பழக்கம். வேவ்லேண்ட், ஷெஃபீல்டு என்ற இரண்டு தெருக்களிலும் மொட்டைமாடியில் இன்று கேலரியே கட்டிவிட்டார்கள். தெருவில் கையுறையோடு நின்று, சுவர் தாண்டி வரும் ஹோம் ரன் பந்துக்குக் காத்திருப்பவர்கள் தனி ரகம். எதிரணி அடித்த ஹோம் ரன் பந்தைக் கேலரியில் பிடித்துவிட்டால்? மைதானத்துக்குள் திருப்பி எறிந்துவிட வேண்டும். அதுதான் அங்கே மரியாதை.

*

ஸ்கோர் எழுதுவது ஒரு கலை. ரிக்லியில் ஒரு மதியம் என் பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டி. மடியில் அட்டை, அதன் மேல் ஸ்கோர் தாள், காதுக்குப் பின்னால் இன்னொரு பென்சில். ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு வைரம். ஓடிய தூரத்துக்கு மட்டும் கோடு. ரன் ஆகிவிட்டால் வைரம் முழுக்கக் கறுப்பு. வீரர்களின் பெயரை எழுதவில்லை. நிற்கும் இடத்துக்கு எண். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, அப்புறம் இடது, நடு, வலது எல்லைகள் 7, 8, 9. மட்டையைச் சுழற்றிக் கோட்டைவிட்டு அவுட் ஆனால் 'கே'. சுழற்றாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனால் அதே 'கே'யைத் திருப்பிப் போடுவார்கள், கண்ணாடியில் தெரிகிற மாதிரி. நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்த பாட்டி தாளை என் பக்கம் சாய்த்து, 6-4-3 என்று எழுதிய கட்டத்தின் மேல் பென்சிலால் தட்டினார். ஒரே அடியில் இரண்டு பேர் அவுட். ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாம் பேஸுக்கு, அங்கிருந்து முதல் பேஸுக்கு. மூன்று எண்ணில் நாலு வினாடி நாடகம்! மூன்று மணி நேர ஆட்டம் ஒரே தாளில் அடங்கிவிட்டது. வீட்டில் அப்படி எத்தனை வருடத்துத் தாள் வைத்திருப்பார் என்று அன்றிரவு வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

1908-ல் கப்ஸின் 6-4-3 டிங்கர், எவர்ஸ், சான்ஸ் என்ற மூவர். மூவரும் சேர்ந்தே 1946-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார்கள். இதில் டிங்கரும் எவர்ஸும் வருடக்கணக்கில் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதே இல்லை. பந்து மட்டும் கைமாறிக்கொண்டிருந்தது.

*

பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன் 1930-களில் கப்ஸ் ஆட்டத்துக்கு ரேடியோ வர்ணனை சொன்னவர். மைதானத்தில் இருந்துகொண்டு சொல்லவில்லை. அயோவா மாநிலத்து டி மாயின் நகர ஸ்டுடியோவில் உட்கார்ந்து, தந்தியில் வரும் துண்டுச் செய்தியைப் பார்த்து, நேரில் பார்ப்பது போலவே சொல்வார். ஒரு நாள் தந்திக் கம்பி அறுந்துவிட்டது. ரேடியோவை நிறுத்த மனமில்லாமல், பேட்டர் ஃபவுல் அடித்தார், மறுபடி ஃபவுல், இன்னொரு ஃபவுல் என்று கம்பி சரியாகும்வரை ஓட்டினார். இந்தக் கதையை அவரே பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

*

ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் எல்லாரும் எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாடுவார்கள். 1908-ல் வந்த பாட்டு. எழுதிய ஜாக் நார்வொர்த் அதுவரை ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை! வர்ணனையாளர் ஹேரி கேரி 1982 முதல் ரிக்லியில் ஜன்னலுக்கு வெளியே சாய்ந்து மைக்கோடு பாடி, கூட்டத்தையும் பாடவைத்தார். அதற்கு முன் எதிர் அணியான ஒயிட் சாக்ஸில் இருந்தபோது அவர் பாடுவது ஊருக்கே கேட்கும்படி முதலில் மைக்கைப் போட்டுவிட்டவர் யார் தெரியுமா? ஐவி நட்ட அதே பில் வீக். 1998-ல் கேரி காலமானார். அன்று முதல் அந்த இடத்தில் ஆட்டத்துக்கு ஒரு விருந்தாளி பாடுகிறார்.

*

எர்னி பேங்க்ஸ். கப்ஸ் அணியின் முதல் கறுப்பின வீரர். 1953 முதல் 1971 வரை இந்த ஒரே அணி. 512 ஹோம் ரன், 2,528 ஆட்டம். அதில் ஒன்றுகூட சீசனுக்குப் பிந்தைய கோப்பைச் சுற்று ஆட்டம் கிடையாது. நல்ல வெயிலடிக்கும் நாளில் இன்றைக்கு இரண்டு ஆட்டமாக ஆடிவிடுவோமே என்பாராம். 2015 ஜனவரியில் மறைந்தார். கோப்பை வருவதற்கு இருபத்தொரு மாதம் முன்பு. இதை எழுதும்போதும் மனசு கனக்கிறது.

*

சாபக் கதையைச் சொல்லாமல் முடியாது. 1945 உலகத் தொடரின் நாலாவது ஆட்டத்துக்கு, பார் நடத்திய பில்லி சியானிஸ் என்பவர் தன் ஆட்டுக்கடாவோடு வந்தார். ஆட்டுக்கும் டிக்கெட் இருந்தது. நாற்றம் என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். இனி கப்ஸ் ஜெயிக்காது என்று அவர் சபித்ததாகக் கதை. சியானிஸ் இறந்தது 1970 அக்டோபர் 22. கப்ஸ் மறுபடி உலகத் தொடருக்குத் தகுதி பெற்ற நாள் 2016 அக்டோபர் 22.

*

2003-ல் உலகத் தொடருக்கு இன்னும் ஐந்தே அவுட். கேலரி ஓரம் வந்த பந்துக்குப் பல கைகள் நீண்டன. ஒரு ரசிகரின் கை பட்டுப் பந்து தவறியது. அப்புறம் எதிரணி எட்டு ரன் குவித்தது. ஊரே அந்த ஒரு மனிதர் மேல் பழியைப் போட்டது. எட்டு ரன்னையும் அவரா கொடுத்தார்? அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. 2017-ல் கப்ஸ் நிர்வாகம் அவருக்கும் ஒரு சாம்பியன் மோதிரம் கொடுத்தது. எப்போதோ செய்திருக்க வேண்டிய காரியம்.

*

2016 நவம்பர் 2, கிளீவ்லாண்ட், ஏழாவது ஆட்டம். 3-1 என்று பின்தங்கியிருந்த தொடரைக் கப்ஸ் 3-3-க்குக் கொண்டுவந்திருந்தது. எட்டாவது இன்னிங்ஸில் 6-3 முன்னிலை. நாலே அவுட் பாக்கி. அங்கிருந்து ராஜாய் டேவிஸின் ஹோம் ரன் 6-6 ஆக்கியது. ஒன்பதாவது முடிந்ததும் மழை. 17 நிமிடம் ஆட்டம் நின்றது. ஜேசன் ஹேவர்டு அணியை உடற்பயிற்சி அறைக்குள் கூட்டிப் பேசினார். திரும்பி வந்ததும் பென் ஸோப்ரிஸ்ட் அடித்தார். 8-7. கடைசிப் பந்து மூன்றாம் பேஸில் கிரிஸ் பிரையன்ட் கைக்கு உருண்டு வந்தது. முதல் பேஸில் ரிஸோவுக்கு எறிந்தார். ஸ்கோர் தாளில் அது 5-3. நள்ளிரவு தாண்டிவிட்டது. அந்தப் பாட்டி அதை எழுதியிருப்பார் என்று நம்புகிறேன்.

*

அந்த நாட்களில் ரிக்லியின் வெளிச்சுவர் முழுக்கச் சாக்பீஸ் எழுத்து. கோப்பையைப் பார்க்காமலே போய்ச்சேர்ந்த அப்பா, தாத்தா, பாட்டி, அண்ணன் பெயர்கள். கை எட்டும் உயரம் தீர்ந்ததும் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி எழுதினார்கள். மழை கழுவிய இடத்தில் மறுபடி எழுதினார்கள்.

*

கப்ஸோடு ஒரே பிரிவில் ஆடும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ், 2008-ல் உத்தரப் பிரதேசத்துப் பையன்கள் இருவரை ஒப்பந்தம் செய்தது. ரிங்கு சிங், தினேஷ் படேல். டிவி போட்டியில் வேகமாக எறிந்து தேர்வானவர்கள். அந்தக் கதையை 2014-ல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று படமாக்கினார்கள். இசை நம்ம ஏ.ஆர். ரஹ்மான்.

*

பிப்ரவரி நடுவில் சிகாகோவில் இன்னும் பனிக்காலம்தான். அப்போது அரிசோனாவின் மேசா நகரத்து வெயிலில் பிட்சர்களும் கேட்சர்களும் மட்டும் முதலில் வந்து சேர்வார்கள். அந்தத் தேதியை ரசிகர் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருப்பார். கொடி வரிசையில் அன்றைக்கு எல்லா அணிக்கும் கணக்கு 0-0.