இறாலுக்கு வால் எங்கே?

இறாலைச் சுத்தம் செய்கையில் தலையைக் கிள்ளியதும் மிஞ்சுகிறதே, அதை வால் என்கிறோம். உண்மையில் அது வயிறு. நாய்க்கும் பல்லிக்கும் மீனுக்கும் மலத்துளையைத் தாண்டித்தான் வால் தொடங்கும். ஆனால் இறாலின் முதுகோரம் ஓடும் கறுப்புக் குடலை உருவிப் பாருங்கள். அது கடைசி நுனிவரை போகும்.

இந்த வயிற்றில் ஆறு கணுக்கள். முதல் ஐந்தின் அடியில் ஜோடி ஜோடியாக நீந்தும் கால்கள். ஆறாவது ஜோடி மட்டும் தட்டையாகி, நுனியிலுள்ள டெல்சன் என்ற கூரிய துண்டின் இருபுறமும் விசிறியாக விரிந்திருக்கும். மலத்துளை இருப்பது டெல்சனின் அடிப்பக்கம். வால் என்று எதையாவது சொல்லியே தீரவேண்டுமென்றால் இந்தத் துண்டைத்தான் சொல்லலாம்.

நாம் விரும்பிச் சாப்பிடும் அத்தனை சதையும் தப்பியோடுவதற்காக வளர்ந்தது. ஆபத்து என்றால் இறால் வயிற்றைச் சட்டென்று முன்னோக்கி மடக்கும். விசிறி தண்ணீரைத் தள்ள, உடல் பின்னோக்கிப் பாயும். இறாலின் உறவான கிரேஃபிஷ்ஷில் இதற்கென்றே தடித்த ராட்சத நரம்பிழைகள் உண்டு. இழை தடித்தால் செய்தி வேகமாகப் போகும். அப்படி ஓர் இழையைத் தூண்டினாலே முழுப் பாய்ச்சலும் நடந்துவிடுகிறது என்று வீர்ஸ்மா என்ற ஆய்வாளர் 1940களிலேயே காட்டினார்.

சங்குக்குள் குடியிருக்கும் முனிவன் நண்டுக்கு ஓட வேண்டிய தேவை இல்லை. வயிறு மென்மையாகி, சங்கின் சுருளுக்கேற்ப முறுக்கிக்கொண்டது. விசிறிக் கால்கள் உள்ளிருந்து சங்கைப் பற்றும் கொக்கிகளாயின.

தேள் ‘வாலின்’ கதை இன்னும் விசித்திரமானது. கொடுக்கு இருப்பது டெல்சனில். குடலோ அந்த நீண்ட ‘வால்’ வழியே போய், கொடுக்குக்குச் சற்று முன்னால் வெளியே திறக்கிறது. தென் அமெரிக்காவின் அனான்டெரிஸ் பேரினத்துத் தேள்கள், பெரும்பாலும் ஆண்கள், எதிரி பிடித்தால் இந்த ‘வாலையே’ கழற்றிவிட்டு ஓடுகின்றன. பல்லிக்குப்போல மீண்டும் முளைக்காது. மலம் வெளியேற வழியும் இல்லை. அப்படியும் சில தேள்கள் எட்டு மாதம்வரை வாழ்ந்து இணையும் சேர்ந்ததை 2015இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

நண்டுக்கும் இறாலைப்போலவே இந்த வயிறு உண்டு, உடலுக்கடியில் மடங்கி ஒட்டியிருப்பதால் கண்ணில் படுவதில்லை. சந்தையில் நண்டைத் திருப்பிப் பாருங்கள். மடிப்பு ஒடுங்கியிருந்தால் ஆண், அகன்றிருந்தால் பெண். பெண் தன் முட்டைகளை அந்த மடிப்பின் கால்களில் ஒட்டிச் சுமக்கிறது. நீலக்கால் நண்டில் அவை முதலில் மஞ்சளாக இருந்து, பொரிக்கும் நாள் நெருங்க நெருங்கக் கறுக்கும். வெளியே முட்டை தொங்கும் நண்டை வாங்காதீர்கள். வலையில் சிக்கினால் கடலிலேயே விட்டுவிடுங்கள்.