உலோக வேரும் ஒட்டென்பும்

எழுத்துக்களின் பிறப்பைக் கற்பிக்கும்போது, பல்லும் ஓர் ஒலியுறுப்பே என்று ஆண்டுதோறும் மாணாக்கர்க்குச் சொல்லி வருகின்றோம். மேற்பல்லின் அடியை நாநுனி பொருந்தத் தகர நகரங்களும், மேற்பல் கீழிதழைப் பொருந்த வகரமும் பிறக்கும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டிய யாம், எம் பற்களைப் பேணுவதில் அத்துணைக் கருத்துச் செலுத்தினோமல்லோம். சொல்லுக்கு உதவும் முன்பற்கள் நின்றன. உணவை அரைக்கும் மேற்கடைவாய்ப் பற்கள் இரண்டு போயின. மறைவிலுள்ள பற்கள்தாமே என்று ஏழாண்டு வாளாவிருந்தோம். ஈற்றில் பல்வைத்தியரை நாடியபோது அவர் கதிர்ப்படத்தைக் காட்டி, "பல்லு வைக்கலாம் மாஸ்ரர், அதை வைக்கத்தான் எலும்பு காணாது" என்றார். அவ்வொரு சொல்லே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

இருந்த என்பு எங்கே சென்றது? என்பைக் கல்போல்வது என்று எண்ணுதல் தவறு. அஃது உயிருள்ள பொருள். பழைய என்பைக் கரைக்கும் உயிரணுக்களும், புதிய என்பை ஆக்கும் உயிரணுக்களும் அதனுள் ஓயாது தொழில் புரிகின்றன. மெல்லும்போது எழும் விசை பல்லின் வேர்வழியே தாடையை அடையுங் காலம் வரை ஆக்கமும் அழிவும் ஒத்து நிற்கும். பல் வீழ்ந்தபின் அவ்விசை அற்றுப்போக, அழிவே மிகும். பல்லைத் தாங்கிய மேடு தேயும். மேல்தாடைக்கு இன்னுமோர் இடருண்டு. கடைவாய்ப் பற்களுக்கு மேலே, கன்னத்தினுள், மூக்கோடு தொடர்புடைய காற்றறை ஒன்று அமைந்துள்ளது. பல் நீங்கியபின் அவ்வறை கீழ்நோக்கி விரியும். ஆகவே மேல்தாடை என்பு கீழிருந்து தேய்ந்தும் மேலிருந்து குடையப்பட்டும் மெலிகின்றது. எஞ்சிய என்பும் பஞ்சுபோல் நெகிழ்ந்தது. ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் ஆழம் வேண்டிய இடத்தில் எமக்கு எஞ்சியிருந்தது 4 மில்லிமீற்றரே.

இனி, அங்கு நடப்படும் வேர் யாது என்பதனை நோக்குவோம். வைத்தியர் இம்பிளான்ற் என வழங்கும் அது, தைத்தேனியம் என்னும் உலோகத்தாலாய சிறு திருகாணி. அவ்வுலோகத்தின் தாதுக்கள் நம் நாட்டுப் புல்மோட்டைக் கரையின் கனிய மணலிலும் உள்ளன. 1952ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரிலே பிறேனமார்க் என்னும் அறிஞர், முயலின் கால் என்பினுள் தைத்தேனியத்தாற் செய்த சிறு கருவியை அமைத்துக் குருதியோட்டத்தை ஆராய்ந்தார். ஆய்வு முடிந்து கருவியை மீட்க முயன்றபோது அது வரவில்லை. என்பு அதனை இறுகப் பற்றிக்கொண்டது. இடையூறாகத் தோன்றிய அதனையே அவர் பேறாகக் கொண்டார். 1965இல் கோதன்பேர்க் நகரில் யோஸ்ரா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் அவர் நட்ட உலோக வேர்கள், 2006இல் அம்மனிதர் மறையும்வரை பயன்பட்டன.

உலோகத்தை என்போடு இணைப்பது பசையன்று. காற்றுப் பட்டவுடன் தைத்தேனியத்தின்மேல் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று படியும். அதன் தடிப்பு மில்லிமீற்றரைப் பத்திலட்சங் கூறிட்டதிற் சில கூறுகளே. அப்படலம் உலோகம் அரிக்கப்படாமற் காப்பதனால், உடல் அதனைப் பகையென்று ஒதுக்குவதில்லை. வைத்தியர் துளையிட்டு வேரைத் திருகியதும் அதனைச் சுற்றிக் குருதி உறையும். உறைந்த குருதியினூடே நுண்குழாய்கள் படரும். அவற்றின் வழியே என்பாக்கும் அணுக்கள் வந்து உலோகத்தின் மேலேயே புதிய என்பை இடும். ஒளி நுணுக்குக்காட்டியால் நோக்கின், உலோகத்துக்கும் என்புக்கும் இடையே மென்றசை எதுவுங் காணப்படாது. தமிழ் கற்பிக்கும் எமக்கு இஃது இயல்புப் புணர்ச்சியை நினைவூட்டுகின்றது. நிலைமொழியாகிய என்பும் வருமொழியாகிய உலோகமும் இடையில் ஒன்றும் தோன்றாது பொருந்திவிடுகின்றன.

நிலைமொழியே தேய்ந்துவிட்ட எம் போன்றோர்க்கு என் செய்வது? 1970களின் நடுவில் அமெரிக்கப் பல்வைத்தியர் ரேற்றம் இதற்கு வழி கண்டார். 1980இல் பொய்ன், ஜேம்ஸ் என்னும் இருவர், இடுப்பிலிருந்து எடுத்த என்பையும் மச்சையையும் கொண்டு காற்றறையின் தளத்தை உயர்த்திய முறையை வெளியிட்டனர். தாடையின் பக்கச் சுவரிற் சிறு சாளரம் திறந்து, முட்டையோட்டின் உட்புறத் தோலை ஒத்த சவ்வைக் கிழியாது மேலே உயர்த்தி, அதன் கீழுள்ள வெளியில் ஒட்டென்பை நிரப்புவர். அது நோயாளியின் சொந்த என்பாகவும் இருக்கலாம். தூய்மை செய்த மாட்டென்பின் கனிமத் துகளாகவோ செயற்கைத் துகளாகவோ இருத்தலும் உண்டு.

ஒட்டென்பை நிரப்பியவுடன் அது தாடையாகிவிடுவதில்லை. சொந்த என்பு தன்னோடு உயிரணுக்களையுங் கொண்டுவரும். துகள்களோ கொடிக்கு நட்ட கொழுகொம்பு போல்வன. அறையின் தளத்திலும் சுவரிலும் உள்ள பழைய என்பிலிருந்து குருதிக்குழாய்கள் அத்துகள்களுக்கிடையே ஊர்ந்து செல்லும். அவற்றைத் தொடர்ந்து புதிய என்பு படரும். இங்கே நிகழ்வது விகாரப் புணர்ச்சி. வைத்த என்பிற் பெரும்பகுதி கரைதல் கெடுதல். புதிய என்பு பிறத்தல் தோன்றல். அவசரமாய் நெய்த அவ்வென்பு ஒழுங்கான அடுக்கென்பாக மாறுதல் திரிதல். மாட்டென்புத் துகள் மட்டும் பல்லாண்டு கரையாது கிடக்கும். எனினும் உலோக வேரைப் பற்றுவது பெரும்பாலும் அத்துகளன்று. துகள்களை ஒன்றோடொன்று பிணைத்து நிற்கும் புதிய என்பேயாம்.

ஆகவே இவ்விணைப்பு வைத்தியர் கையில் முடிவதன்று. அவர் இடமமைப்பார், இணைப்பது உடல். அதற்கு வேண்டுவன காலமும் அசைவின்மையுமே. துளையிடும்போது கருவியைக் குளிர்நீராற் குளிர்விப்பர். என்பு 47 பாகை செல்சியசு வெப்பத்தில் ஒரு நிமிடம் நின்றாலே ஊறுபடும். நட்ட வேர் 0.15 மில்லிமீற்றருக்கு மேல் ஆடின், என்புக்கு மாறாக நார்த்தசை வளர்ந்து வேர் கழன்றுபோகும். மூன்றாம் நான்காம் வாரங்களிற் பழைய பிடி தளர்ந்து புதிய பிடி முற்றாதிருக்கும். நோவு நீங்கியதென்று நோயாளி துணியுங் காலமும் அதுவே. புகைத்தலும் அடங்காத நீரிழிவும் குருதியோட்டத்தைக் கெடுத்து இப்பணிக்குக் குந்தகஞ் செய்வன.

யாம் ஒட்டென்பு முதிர ஏழு மாதமும், உலோக வேர் ஊன்ற ஆறு மாதமும் காத்திருந்தோம். இடையில் இருமுறை, "இன்னும் எத்தனை நாள்?" என்று வைத்தியரிடம் முறையிட்டோம். செய்யுளை ஓரிரவில் மனனஞ் செய்துவிட்டுப் பொருள் விளங்கவில்லை என வருந்தும் மாணாக்கனுக்கு யாம் கூறும் விடையையே அவரும் எமக்குக் கூறினார்: பொறுத்திருக்க வேண்டும் என்பதே அது. சென்ற மாதம் புழுக்கொடியல் ஒன்றை வலப்பக்கத்தால் மென்றோம். எட்டாண்டுக்குமேல் மறந்திருந்த சுவை அது.

பழைய மாணவர்க்கும் இன்றைய மாணாக்கர்க்கும் ஒன்று கூறி அமைகின்றோம். பல்லொன்று வீழ்ந்தால், அவ்விடத்தைக் காலந்தாழ்த்தாது வைத்தியருக்குக் காட்டுங்கள். பல் நீங்கிய முதலாண்டிலேயே தேய்வு மிகுதியாக நிகழ்கின்றது. பயிலாத பாடம் நெஞ்சினின்று நீங்குவதுபோலப் பயன்படாத என்பும் தாடையினின்று நீங்கும். நீங்கியதை மீண்டும் ஆக்கலாம் என்பது இக்கால மருத்துவத்தின் பெருமை. நீங்காமற் காத்தலோ நம் கடமை.